கின்னர்ட் ஏரியின் அக்கரை

சைப்ரஸ் முனையில் காவலாளி, படகுக்காரர், புல் வெட்டுகிறவர், உயிர் காப்பவர், சண்டை வந்தால் விலக்கி விடுகிறவர் எல்லாமே எஸெல் புரூயிட் ஒருவர்தான். மாநில அரசு அவருக்குக் கொடுத்திருந்த வேலையின் பெயர் என்னவோ 'பராமரிப்பாளர்'.

கின்னர்ட் ஏரியின் கிழக்குக் கரையில், கறுப்பர்களுக்கென்று ஒதுக்கியிருந்த சின்ன ஸ்டேட் பார்க் அது. நேர் எதிரே, மேற்குக் கரையில் பெரிய பார்க். அது வெள்ளைக்காரர்களுடையது. அங்கே கல்லால் கட்டிய விடுதி, பைன் மரங்களுக்கு நடுவே குடில்கள், மோட்டார் படகுகள், வெள்ளை மணல் கொட்டிய நீளமான பீச். இங்கே ஒரு கொட்டகை, கொஞ்சம் மேசை பெஞ்சு, ஒரு பேஸ்பால் மைதானம், எஸெல் தன் கையால் அடித்த மரப் படகுத்துறை. அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மெம்ஃபிஸிலிருந்துகூடப் பஸ் பிடித்து ஆட்கள் வருவார்கள். சர்ச் முடிந்து வெள்ளை உடுப்போடு அப்படியே வந்து இறங்குவார்கள். எஸெலின் மனைவி ஓரீத்தா தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு பெரிய இரும்புச் சட்டியில் கெளுத்தி மீன் வறுப்பாள். அந்த மணம் அக்கரைக்கும் போகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். "போகட்டும், மோந்து பார்க்கிறதுக்கு எந்தச் சட்டத்துலயும் தடை இல்லையே" என்பாள் ஓரீத்தா.

ஏரி வருவதற்கு முன்னால் அங்கே ஓர் ஆறும் அதன் இரு கரையிலும் பருத்திக் காடும்தான் இருந்தன. எஸெலின் அப்பா அந்தக் காட்டில் நிலத்துக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்தவர். அணை கட்டியபோது நிலத்துக்காரருக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. வாரக்காரர்களுக்குக் கிடைத்தது, எந்தத் தேதிக்குள் காலி செய்யவேண்டும் என்ற தகவல். அப்போது இளைஞனாயிருந்த எஸெல், ஏரி நிறையப்போகும் பள்ளத்தில் மரம் வெட்டும் கூலி வேலைக்குப் போனார். மேற்குப் பக்கத்து மரங்களை வேரோடு பிடுங்கி எடுத்தார்கள். கிழக்குப் பக்கத்துக்கு வருவதற்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. மரத்தை மட்டும் அறுத்துவிட்டு அடிக்கட்டைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு அந்தப் பக்கத்தைத்தான் கறுப்பர்களுக்குப் பார்க் என்று கொடுத்தார்கள்.

சைப்ரஸ் முனையின் தண்ணீர் கலங்கல். அடியில் சேறு, சேற்றுக்குள் கட்டைகள். போன கோடையில் நெட்டி என்கிற எட்டு வயதுப் பெண் ஒருத்தி குதித்தாள், மேலே வரவில்லை. எஸெல் செருப்போடு பாய்ந்தார். குழந்தையின் கால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. கையால் தடவித் தடவிக் காலை விடுவித்து மேலே கொண்டுவந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்துக்கொண்டாள். கணுக்கால் மட்டும் நேராகவில்லை.

எஸெலின் மகள் வெர்லீன் டவுனில் கறுப்பர் பள்ளியில் டீச்சர். கோடை முழுக்கச் சைப்ரஸ் முனையில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பாள். நெட்டிக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் அப்பாவை இழுத்துக்கொண்டு பெரிய பார்க் ஆபீசுக்குப் போனாள். இரண்டு பார்க்குகளுக்கும் ராய்ஸ் கோபிள்தான் சூப்பரின்டெண்ட். எஸெலைவிடப் பத்து வயதாவது இளையவர்.

"கட்டையெல்லாம் எடுக்கணும்னா நான் என்ன பண்றது எஸெல்? கட்டை தண்ணிக்குள்ள இருக்கு" என்றார் கோபிள். "தண்ணி அணைக் கம்பெனியோடது. எனக்குக் குத்தகைக்குக் குடுத்திருக்கிறது கரை மட்டும்தான். கரையைப் பத்திக் கேளு, சொல்றேன். தண்ணியைப் பத்தி என்கிட்ட வராத."

"சரிங்க சார்" என்று எஸெல் தொப்பியை எடுத்துக்கொண்டார். ஆனால் கோபிள் சொன்ன அந்த வார்த்தை வெர்லீன் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

அடுத்த வருஷம் வசந்தத்தில் கோர்ட் தீர்ப்பு வந்தது. மாநிலத்தில் எந்த ஸ்டேட் பார்க்கும் இனி யாருக்கும் கதவடைக்கக் கூடாது. சர்ச்சில் பாஸ்டர் அதைப் படித்தபோது பெண்கள் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். எஸெலும் தட்டினார். ஆனால் பின்னாலேயே இன்னொரு செய்தியும் வந்தது. எல்லோருக்கும் ஒரே பார்க் என்றான பிறகு ஒரே ஏரிக்கு இரண்டு எதற்கு? கோடை முடிந்ததும் சைப்ரஸ் முனையை மூடிவிடுவார்களாம்.

அன்றைக்குச் சாயந்திரம் எஸெல் மரத்துறையில் போய், ஆடாத பலகையை எல்லாம் ஆடுகிறதா என்று மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதக் கடைசியில் பெரிய பார்க்கின் கேட்டைத் திறந்துவிட்டார்கள். விடுதி திறந்திருந்தது, குடில் கேட்டால் கிடைக்கும். பீச்சுக்கு மட்டும் குறுக்கே கயிறு கட்டி, 'சீரமைப்புப் பணி நடக்கிறது' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பணி செய்ய ஓர் ஆளும் வரவில்லை. ஜூன் போனது. கறுப்பர்களைத் தண்ணீருக்குள் விடக்கூடாது என்பதற்காக வெள்ளைக்காரர்களையும் கரையில் உட்கார வைத்துவிட்டார்கள். பணம் கட்டிக் குடில் எடுத்தவர்கள் பைன் மரத்தடியில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மேல் தோட்டத்துக் குழாயைப் பீய்ச்சினார்கள்.

வெர்லீன் தன்னிடம் நீச்சல் கற்கும் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தாள். திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் போனாள். நீச்சல் உடுப்புக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் இதே வேலையாகப் போனது.

கோபிள் தன் பிக்கப் வண்டியில் ஏரியைச் சுற்றிக்கொண்டு சைப்ரஸ் முனைக்கு வந்தார். எஸெல் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"உன் பொண்ணைக் கொஞ்சம் அடக்கி வை எஸெல்."

"அவளுக்கு இருபத்தஞ்சு வயசு ஆச்சுங்க சார்."

"எத்தனை வயசானா என்ன, உன் பொண்ணுதானே? இங்க பாரு, இந்த இடம் செப்டம்பரோட முடியுது. அங்க எனக்கு ஆள் தேவைப்படும். தங்க வீடும் உண்டு. ஆனா மேல இருக்கிறவங்க என்னைக் கேப்பாங்க, இவன் வீட்டு ஆளா தினமும் வந்து உக்காருதுன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?" கோபிள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எனக்கு மட்டும் அந்தக் கயிறு ஆசையா? என் பொண்ணு காலையிலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டிருக்கா, குளிக்க விடலைன்னு."

எஸெல் தார் தூரிகையைக் கீழே வைக்காமல் நின்றார். "சொல்லிப் பாக்கறேங்க சார்" என்றார்.

சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பார்த்தார். ஓரீத்தா சோள ரொட்டியை வெட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் அங்க போய் உக்காந்து என்னத்தைக் கண்ட?" என்றார் மகளிடம். "குளிக்கணும்னா இங்க குளி. என் பார்க்ல என்ன கொறைச்சல்?"

"அடியில கட்டை இருக்குப்பா."

"இருக்கிற இடம் எனக்குத் தெரியும். கயிறு கட்டி வச்சிருக்கேன்ல?"

"நெட்டி இன்னமும் நொண்டிக்கிட்டுதான் நடக்கிறா. அதுக்கு என்ன கயிறு கட்டுவீங்க?"

எஸெல் தட்டைத் தள்ளிவிட்டார். "இந்த இடத்துல ஒண்ணுமே கிடையாதுடி, புதர்தான் இருந்தது. ஒவ்வொரு பலகையும் நான் அடிச்சது. நம்ம ஜனங்க தலை நிமிர்ந்து உக்காந்து சாப்பிடறதுக்கு இந்தச் சுத்து வட்டாரத்துல வேற எந்த இடம் இருக்கு? நீ அங்க போய்க் கெஞ்சிக்கிட்டு நிக்கற. அவன் இதை இழுத்து மூடறான். உனக்குச் சந்தோஷமா?"

"நான் கெஞ்சலைப்பா. அவங்க மூடறதுக்கு நான் காரணமும் இல்லை."

"ரெண்டு பேரும் கத்தி முடிச்சாச்சுன்னா சாப்பிடுங்க, ரொட்டி ஆறிப் போகுது" என்றாள் ஓரீத்தா. "மிஸ்டர் புரூயிட், உங்களுக்கு மண்டைக் கனம். உங்க பொண்ணுக்கும் அதே மண்டைதான். அது என் பக்கத்துலேர்ந்து வரலை, கர்த்தர் அறிவார்."

வெர்லீன் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் நீந்தியே போகப்போறேன்" என்றாள்.

"எங்க?"

"இங்கேர்ந்து அங்க. கயிறு கரையிலதானே கட்டியிருக்கு? தண்ணி தன்னோடது இல்லைன்னு கோபிளே சொல்லியிருக்காரு."

எஸெல் எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பிடாத மீனை ஓரீத்தா மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெர்லீன் துறைக்கு வந்தபோது அப்பா படகில் உட்கார்ந்து டப்பாவால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். சர்ச்சுக்குப் போகவில்லை. ஆனால் சர்ச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

"தடுக்கப் போறீங்களா?" என்றாள்.

"இந்த ஏரியில யாரையும் நான் தனியா நீந்த விட்டதில்லை. உன்னை மட்டும் எதுக்கு விடணும்?" அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தொப்பியைப் போடு. காதுல தண்ணி போனா உனக்குச் சீழ் வைக்கும்."

அவள் இறங்கினாள். கட்டைகள் இல்லாத வழி அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதன் வழியாகவே இருவரும் வெளியே வந்தார்கள்.

ஏரி அந்த இடத்தில் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பாதி தூரம் வரை களைப்பு ஒன்றும் தெரியவில்லை. அவள் சீராகக் கை போட்டாள். அவர் இருபதடி தள்ளி, அவள் வேகத்துக்குத் துடுப்பு வலித்தார். நடுவில் பழைய ஆற்றின் பள்ளம் வந்தது. மேலே வெதுவெதுப்பு, ஒரு முழம் கீழே பனிக்கட்டி. எஸெல் அக்கரைத் தண்ணீர்த் தொட்டியையும் வடக்கே மலை முகட்டையும் ஒருமுறை பார்த்து இடத்தைக் கணித்துக்கொண்டார். அவருடைய அப்பா உழுத காடு ஏறக்குறைய படகுக்குக் கீழேதான் கிடந்தது.

அப்போது ஒரு மோட்டார் படகு வந்தது. நாலு இளைஞர்கள். வேண்டுமென்றே பக்கத்தில் வளைத்து ஓட்டினார்கள். அலை எழும்பி வெர்லீன் வாய் நிறைய ஏரியைக் குடித்தாள். என்னவோ கத்தினார்கள், சிரித்தார்கள். மறுபடி வளைத்தபோது எஸெல் தன் படகை அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். துடுப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு, கையை முழங்காலில் வைத்து, அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இடித்தால் இடித்துக்கொள் என்பது போல. ஓட்டியவன் கடைசி நிமிஷத்தில் திருப்பினான். ஒரு பாட்டில் பறந்து வந்து தண்ணீரில் விழுந்தது. எஸெல் அதை எட்டி எடுத்துப் படகுக்குள் போட்டார். பார்க்கில் குப்பை பொறுக்கிப் பொறுக்கி வந்த பழக்கம்.

வெர்லீனுக்கு இருமல் நிற்கவில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.

"படகைப் பிடிச்சுக்கோ."

"பிடிச்சா... நீந்தினதா ஆகாதுப்பா."

"யாரு பாக்கறாங்க?"

"நீங்க பாக்கறீங்கள்ல?"

"சரி, மல்லாந்து படு. பாதத்தை நீட்டாத. கால் கட்டை விரலை உன் பக்கமா மடக்கு. அவசரமே இல்லை, ஏரி எங்கயும் போயிடாது."

அவள் மல்லாந்து மிதந்தாள். வானம் வெளுத்துப் போயிருந்தது. அவர் துடுப்பை மெல்ல அசைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். வழக்கமாக அவ்வளவு பேசுகிற மனிதர் இல்லை.

"அந்தப் பீச்ல இருக்கே மணலு, அது இந்த ஏரி மணல் இல்லை. ரயில்ல வந்துச்சு. ஸ்டேஷன்லேர்ந்து லாரியில ஏத்தி இறக்கினது நாங்கதான். பரப்பினதும் நாங்கதான், மண்வெட்டியால. ஒரு வசந்தம் பூரா. முடிச்ச அன்னைக்கி ரிப்பன் வெட்டினாங்க. எங்களைப் பின் கேட்டு வழியா அனுப்பிட்டாங்க."

வெர்லீன் தலையைத் திருப்பினாள். "இதை இத்தனை நாள் சொன்னதே இல்லையே?"

"நீ கேட்டதே இல்லையே."

"என்னன்னுப்பா கேப்பேன், மணல் எங்கேர்ந்து வந்ததுன்னா?"

அவர் சிரித்துவிட்டார். சாப்பாட்டு மேசைச் சண்டைக்குப் பிறகு முதல் முறையாக. "கால் சரியாச்சா?"

"ஆச்சு."

"அப்போ போ. போய்ச் சேர்."

பீச்சில் பைன் நிழல் முழுக்க ஆட்கள். ஜூலை மாத ஞாயிறு, நடுப்பகல், இலை அசையவில்லை. முதலில் ஒரு குழந்தை பார்த்துக் கை காட்டியது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். வெர்லீன் இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்றாள். அங்கே அடி வழவழப்பாக, சமமாக இருந்தது. காலுக்குக் கீழே ஒன்றுமே குத்தவில்லை. அவள் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பத்தடி பின்னால் எஸெல் படகை நிறுத்தியிருந்தார்.

கோபிள் ஆபீசிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பீச் மூடியிருக்கு! பலகை தெரியலை?"

"தெரியுது மிஸ்டர் கோபிள்" என்றாள் வெர்லீன். "நான் பீச்சுக்கு வரலை. தண்ணியிலதான் நிக்கறேன்."

"வெளிய வா!"

"வெளிய வந்தா மணல்ல கால் வைக்கணும். மணல்தானே மூடியிருக்கு?" மூச்சு வாங்கியதால் விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. "போன வருஷம் எங்கப்பாகிட்டச் சொன்னீங்களே, கரையைப் பத்திக் கேளு, தண்ணியைப் பத்தி வராதன்னு. அணைக் கம்பெனிக்காரங்க வந்து போகச் சொன்னா நான் போயிடறேன்."

கோபிள் அவளைத் தாண்டி எஸெலைப் பார்த்தார். "எஸெல்! நீ எதுக்கு இங்க? உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

எஸெல் எழுந்து நின்றார். படகு லேசாக ஆடியது. "சொல்லிப் பாத்தேங்க சார். கேக்கலை." கொஞ்சம் யோசித்து, "கேக்காததும் நல்லதுதான்னு இப்பத் தோணுது" என்றார்.

கூட்டத்தில் யாரோ அசிங்கமாக ஒரு வார்த்தை சொன்னான். இன்னொருவன் ஷெரீஃபுக்குப் போன் போடச் சொன்னான். ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளையும் தரதரவென்று காருக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் அலறின.

அந்த நேரத்தில்தான் ஹட்ஜின்ஸ் எழுந்தார். ஜாக்சன் ஊரில் விதை வியாபாரம் செய்பவர். பூசணிக்காய் மாதிரி வயிறு, வைக்கோல் தொப்பி. பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு வாரத்துக்குக் குடில் எடுத்திருந்தார். வந்த நாளிலிருந்து தினமும் காலையில் ஆபீசுக்குப் போய்க் கோபிளோடு சண்டை போடுவதுதான் அவர் பொழுதுபோக்காகியிருந்தது.

"கோபிள்! அப்போ தண்ணி மூடலையா?"

"மிஸ்டர் ஹட்ஜின்ஸ், தயவு பண்ணி நீங்க வேற..."

"மூடியிருக்கா, இல்லையா? ஒரே பேச்சுல சொல்லு."

"அது... சட்டப்படி பாத்தா தண்ணி வந்து..."

"ஏரிக்கரையில காசைக் குடுத்துட்டு எட்டு நாளா நான் வெந்துக்கிட்டிருக்கேன்யா! அவ உள்ள நிக்கறா. நான் நிக்கக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?" அவர் ஷூவைக் கழற்றி எறிந்தார், காலுறையை எறிந்தார், முழுக்கால் சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கயிற்றைத் தூக்கினார். கயிறு அவர் வயிற்றில் மாட்டியது. ஒரு கெட்ட வார்த்தையோடு அதை அறுத்துக்கொண்டு போனார். மணல் சுட்டதால் குதித்துக் குதித்து ஓடித் தண்ணீரில் விழுந்தார்.

வெர்லீன் இருந்த பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளிடமிருந்து நல்ல தூரம் தள்ளியே நின்றார். ஆனால் கழுத்தளவு உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஹா!" என்று ஒரு சத்தம் விட்டார். அது கரையெல்லாம் கேட்டது.

அவருடைய பேரப் பிள்ளைகள் அதற்கு மேல் எதற்கும் காத்திருக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வேறு பிள்ளைகள். "ஏய்! வாடா இங்க! பாபி!" என்று அம்மாக்கள் கத்தினார்கள். பாபிகள் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏரி முழுக்கத் தலைகளாக இருந்தது. எல்லோரும் இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள், புழுதி பறக்கக் கார்கள் போயின. சிலர் கைகட்டி நின்று முறைத்தார்கள். ஆனால் இறங்கியவர்கள் இறங்கியவர்கள்தான்.

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஒரு டெபுடி வந்து கரையில் நின்றான். "யாரைப் பிடிக்கணும்?" என்றான் கோபிளிடம்.

கோபிள் தண்ணீரைப் பார்த்தார். தலைகளுக்கு நடுவே சிவப்பு நீச்சல் உடையில் தன் மகளும் இருப்பதைக் கண்டார். அறுந்த கயிற்றின் முனையைக் குனிந்து எடுத்து, கையில் சுற்றிக்கொண்டார்.

"யாரும் இல்லை. நீ போ" என்றார்.

வெர்லீன் படகில் ஏறிக்கொண்டாள். திரும்பும்போது நீந்துவதற்கு அவளிடம் தெம்பில்லை. உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்தது, அந்த வெயிலில். எஸெல் தன் சர்ச் சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டார். பாதி வழி வந்த பிறகு அவள் கேட்டாள்.

"பயந்தீங்களாப்பா?"

"ரொம்ப."

"எனக்கும்."

"தெரியும். கால் இழுத்தது பயத்துலதான். காலையில ஒழுங்காச் சாப்பிட்டியா?"

இக்கரையில் ஓரீத்தா முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. சர்ச்சிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால் துறையில் நின்றார்கள். படகு தட்டியதும் மகளை ஓங்கி முதுகில் ஒரு போடு போட்டாள். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அடுப்புல எண்ணெயைக் காய வச்சிட்டு அப்படியே விட்டுட்டேன்டி" என்றாள். "எல்லாம் கருகிப் போச்சு."

ஆகஸ்டில் பீச்சின் பலகையைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். செப்டம்பரில் சைப்ரஸ் முனையை மூடினார்கள். வெர்லீன் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முடிவு முன்பே எடுத்ததுதான். எஸெலுக்கும் அது தெரியும். ஆனாலும் கொட்டகையைப் பிரிக்க லாரி வந்த அன்று அவள் லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"என் மேல கோவமா?" என்று கேட்டாள்.

ஆட்கள் கூரைத் தகரத்தைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"உன் மேல இல்லைம்மா. அது அவங்க பார்க்கா இருந்தவரைக்கும் இதுவும் தேவைப்பட்டுது. இப்போ அது எல்லாருக்கும்னு ஆச்சு. அப்போ இதையும் எல்லாருக்கும்னு திறந்து விட்டிருக்கலாமில்ல? ஒரு வெள்ளைக்காரன்கூட இங்க வந்து உக்காரமாட்டான்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. அதான் எனக்கு ஆறலை."

வெர்லீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்ன வீட்டைக் கோபிள் கொடுக்கவில்லை. வேலை மட்டும் இருந்தது, கழிப்பறையும் குப்பையும். எஸெல் அதை வேண்டாம் என்றுவிட்டு, பனிக்காலம் முழுக்க மரம் அறுக்கும் மில்லுக்குப் போனார். மார்ச்சில் ஒருநாள், யாரும் கூப்பிடாமல் தானாகவே பெரிய பார்க் ஆபீசுக்குப் போனார். தொப்பியைக் கழற்றினார், ஆனால் கதவருகே நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பீச் வேலையைக் குடுங்க சார். நீங்க வச்சிருக்கிற பசங்க கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பொண்ணுங்களைப் பாத்துக்கிட்டிருக்காங்க. தண்ணியைப் பாக்க ஆள் இல்லை. இந்த வருஷம் எங்க பிள்ளைங்களும் வரும். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா உங்களால தாங்க முடியாது. என்னாலயும் முடியாது."

கோபிள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலதிகாரிகள் என்ன சொல்வார்கள் என்று நினைத்தாரோ, சிவப்பு நீச்சல் உடையை நினைத்தாரோ. "மே முதல் வாரம் வாங்க" என்றார் கடைசியில்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த 'வாங்க' எஸெலுக்கு உறைத்தது. வாய் தவறி வந்ததா, வேண்டுமென்று சொன்னாரா என்று வீட்டில் ஓரீத்தாவிடம் கேட்டார். "ஏன், போய் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுட்டு வாங்களேன் மிஸ்டர் புரூயிட்" என்றாள் அவள்.

ஜூனில் சர்ச்சிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் பெரிய பார்க்குக்கு வந்தார்கள். வருவோம் என்று சொன்ன பலர் வரவில்லை. வந்தவர்களும் முதலில் பைன் மரங்களின் ஒரு ஓரமாக, தொடை மேல் தட்டை வைத்துக்கொண்டு, யாரோ வீட்டில் விருந்தாளியாக உட்காருவது போல உட்கார்ந்தார்கள். குரல் எழும்பவில்லை. ஓரீத்தாவின் சட்டியைத் தரையில் அடுப்பு மூட்டி வைக்க இங்கே விதி இல்லையாம். மீனை வீட்டிலேயே வறுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். மொறுமொறுப்பு போயிருந்தது. யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

வெர்லீன் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் கரையோரம் ஒரே கூச்சல். பெரியவர்களின் குரலும் மெதுவாக ஏற ஆரம்பித்தது. பாஸ்டரின் மனைவி செருப்பைக் கழற்றினாள். யாரோ சீட்டுக்கட்டு எடுத்தார்கள்.

சாயந்திரம் கடைசி பஸ் போன பிறகு எஸெல் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். ஓரீத்தா மிச்சமான மீனை ஒரு காகிதத்தில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்கு, உங்க புது இடம்?"

எஸெல் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். கடைசியாகக் கரையேறிய இரண்டு பையன்கள் துண்டால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு போனார்கள். ஒருவன் கறுப்பு, ஒருவன் வெள்ளை. சண்டையா விளையாட்டா என்று அவர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். விளையாட்டுதான்.

"பழகணும்" என்றார். "நல்ல இடம்தான். பழகணும்."

அடுத்த நாற்காலியை ஓரீத்தா மடக்கினாள்.